பிக்கப் போன வண்டி

"எந்த கியர்ல பிக்கப் போகுதுன்னு கேளுங்க மாப்ள."

பானெட்டுக்குள் தலையை விட்டபடியே மாமனார் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவள், அவருடைய மகள், கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். ஆனாலும் கேள்வி மாப்பிள்ளை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

"எந்த கியர்ல..." என்று அவன் ஆரம்பித்தான்.

"எனக்குக் காது நல்லாவே கேக்குது. மூணாவதுல. ஏத்தத்துல மட்டும். அதுவும் எப்பவும் இல்ல, எப்பவாவதுதான். சொல்லிடுங்க."

"மூணாவதுல, மாமா."

"ம்."

அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. காரணமே இந்த வண்டிதான். பழைய டர்போ வண்டி வேண்டாம் என்றார் அப்பா. அவள் வாங்கினாள். அதை என் ஷெட் பக்கம் கொண்டு வராதே என்றார். வண்டியும் வராது, நானும் வர மாட்டேன் என்றாள். வீம்பில் அப்பனுக்குத் தப்பாத மகள். நடுவில் கிடந்து அல்லாடியவன் மாப்பிள்ளைதான்.

அப்படிப்பட்டவள் இங்கே வந்து நிற்கிறாள் என்றால் வேறு வழியில்லை. மற்ற மெக்கானிக்குகள் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள் என்று அவன்தான் விசாரித்துவிட்டு வந்து சொன்னான். ஒரு மாதமாக ஞாயிறுதோறும் வருகிறார்கள்.

மாமனாருக்கு இன்ஜின் விஷயத்தில் பாம்புச் செவி. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதற்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவார். அவருக்கே இது தண்ணி காட்டியது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தார், ஒன்றும் காட்டவில்லை. பெரிய காற்றுக் குழாய்களில் சோப்பு நுரை தடவினார், ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இவருக்கா பிடிபடவில்லை என்று மாப்பிள்ளைக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நான் ஓட்டினா குதிரை மாதிரி போகுது" என்றார் அவர்.

"அப்ப நான் பொய் சொல்றேனாமா?"

"பொய்னு யாரு சொன்னா? என் கால்ல வரல, அவங்க கால்ல வருது. அவங்களையே ஓட்டச் சொல்லுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

பெற்ற மகளுக்கு என்ன மரியாதை!

அவள் ஓட்டினாள். அப்பா பக்கத்தில். மாப்பிள்ளை பின்சீட்டில். டர்போவின் மெல்லிய ஊதலைத் தவிர வண்டிக்குள் சத்தமே இல்லை. ஊரைத் தாண்டி ஏற்றம் வந்தது. மூன்றாவது கியரில் பாதி ஏறியதும் ஊதல் சட்டென்று அடங்கியது. வண்டி துவண்டது. அவள் பதறிக் காலை எடுத்தாள்.

"எடுக்காதே! அப்படியே மிதி!"

"மிதிச்சாலும் போக மாட்டேங்குதுப்பா!"

"ஊதல் கேக்குதா?"

"இல்லப்பா, நின்னுடுச்சு."

"பயப்படாதே. ஓரங்கட்டு."

பின்சீட்டில் இருந்தவன் மூச்சு விடக்கூடப் பயந்தான். நேருக்கு நேர் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது இருவருக்கும் உறைக்கவே இல்லை.

பானெட்டுக்குள் இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

"இந்தச் சின்னக் குழாய்க்கு அடியில விரலை விடு. சூடும்மா, பாத்து."

"விரிசல்ப்பா!"

"அதேதான். இன்ஜின் சூடேறி ஏத்தத்துல குலுங்கும்போது வாயைத் திறக்கும். அப்புறம் மூடிக்கும். இதுல காத்து கசிஞ்சா டர்போ வேலை செய்யாது, பிக்கப்பும் போயிடும்."

"இத்தனூண்டு ரப்பர் குழாயா என்னை இந்தப் பாடு படுத்துச்சு?"

'நான் அப்பவே சொன்னேன்ல' என்று மாமனார் வாயைத் திறந்துவிடுவாரோ என்று மாப்பிள்ளை கவலையோடு பார்த்தான். திறந்தால் எல்லாம் பாழ்.

"வண்டி நல்ல வண்டிதாம்மா" என்றார் அவர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஷெட்டுக்குத் திரும்பியதும், ஒரு மாதமாக ஷெட் வரை வந்தும் பக்கத்திலேயே இருக்கும் வீட்டின் வாசற்படியை மிதிக்காதவள், "அம்மாவைப் பாத்துட்டு வரேன்" என்று உள்ளே ஓடினாள். மாமனார் புதுக் குழாயை மாட்டிக் கையைத் துடைத்தார். மாப்பிள்ளைக்கு மனசு உறுத்தியது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. யாரும் கைவிரிக்கல. முதல்ல பாத்த மெக்கானிக்கே இந்த விரிசலைக் காட்டிட்டாரு. நான்தான் மாத்த வேண்டாம்னு சொல்லிட்டு, அவகிட்ட புளுகி இங்க கூட்டிட்டு வந்தேன்."

உள்ளிருந்து அம்மாவும் மகளும் சிரிக்கும் சத்தம் வந்தது. மாமனார் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் முதல் ஞாயித்துக்கிழமையே பாத்துட்டேன் மாப்ள" என்றார். "சொல்லியிருந்தா, அன்னிக்கே மாத்திக்கிட்டுக் கிளம்பிப் போயிருப்பாளே!"