வெறும் வயிறு

நாக்கில் இன்னும் நெய் இருந்தது.

மூன்று முறை வாய் கொப்பளித்தாகிவிட்டது. பச்சைக் கற்பூர வாசனை போவேனா என்றது.

மயக்க மருந்து டாக்டர் கட்டில் அருகே வந்து நின்றார். வயதில் இவளைவிடச் சின்னவர். கையில் இவளுடைய ஃபைல்.

"பூங்கோதை, முப்பத்தாறு வயசு. சரிதானேம்மா?"

தலையசைத்தாள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

அவள் வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு நீர்மோர் குடுத்தேன் டாக்டர். அதுக்கப்புறம் பச்சத் தண்ணிகூட பல்லுல படலை."

அம்மா பொய் சொல்லவில்லை. அம்மாவின் கணக்கில் பிரசாதம் சாப்பாட்டில் சேர்த்தி கிடையாது.

காலையில் கோயில் நடை திறந்ததும் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, ஈரத் தலையோடு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கையில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து மகளின் நாக்கில் வைத்தாள். நெற்றியில் திருநீறு பூசுகிற மாதிரிதான் அதுவும். ஆபரேஷன் நாளும் அதுவுமாகப் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வார்களா? மீதியை மேசைமேல் வைத்துவிட்டு, மருந்துச் சீட்டு கொடுக்கக் கீழே போனாள்.

துளியோடு நின்றிருக்கலாம்.

பதினான்கு நாள். கஞ்சித் தண்ணீர், பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கரைத்த பால். உடம்பைக் குறைக்கும் ஆபரேஷன். கல்லீரல் சுருங்கினால்தான் இரைப்பையை எட்டி வெட்ட முடியுமாம். பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் வராந்தாவில் போய் நின்றாள். பதினான்கு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், பதினைந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு, கண்ணை மூடித் திறப்பதற்குள் தொன்னையை வழித்துத் தின்றுவிட்டாள்.

தொன்னையைக் குப்பைக் கூடையில் பஞ்சுக்கு அடியில் செருகினாள்.

அம்மா வந்து தேடினாள். பக்கத்து அறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள் மகள்.

"புண்ணியமாப் போச்சு" என்றாள் அம்மா.

ஒளிந்து தின்பதில் அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம். கல்யாண வீடுகளில் எல்லோருக்கும் முன்னால் பாதி இலையோடு எழுந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து, சமையலறை விளக்கைப் போடாமல் மீதியைச் சாப்பிடுவாள். நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான் என்று அவள் சொல்லாத டாக்டர் ஊரில் பாக்கியில்லை. சொல்லும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று, இவளுக்குத் தண்ணி குடிச்சாலே உடம்பு வைக்கும் டாக்டர் என்று ஒத்து ஊதுவாள். டாக்டர்கள் ஃபைலைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவார்கள்.

அம்மா மட்டும் அதை மனசார நம்பினாள்.

உலகத்தில் அவளை நம்பியது அந்த ஒரு ஆள்தான். இப்போது அந்த ஆளை வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

சொல்லாமல் விட்டால்? நேற்று இதே டாக்டர் விளக்கியிருந்தார். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறும். நுரையீரலுக்குள் இறங்கும். உயிருக்கே ஆபத்து.

ஒரு தொன்னைப் பொங்கலுக்காகச் சாவது. நினைக்கவே கேவலமாக இருந்தது. அதைச் சொல்வது அதைவிடக் கேவலமாக இருந்தது.

டாக்டர் ஃபைலில் எழுதத் தொடங்கினார்.

"சாப்பிட்டேன்."

பேனா நின்றது.

"பிரசாதம் டாக்டர்" என்று அம்மா முந்திக்கொண்டாள். "இத்துனூண்டு. நாந்தான் நாக்குல தடவினேன்." விரல் நுனியைத் தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் யோசிப்பது தெரிந்தது.

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"தொன்னை முழுக்க" என்றாள். "ஏழு மணிக்கு."

அம்மா விரலை இறக்க மறந்து நின்றாள்.

டாக்டர் திட்டவில்லை. எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். இன்றைக்கு முடியாது, அடுத்த வாரம் பார்க்கலாம், அதுவரைக்கும் பழையபடி தண்ணீர் ஆகாரம்தான் என்றார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

அறையில் இருவர் மட்டும்.

அம்மா குப்பைக் கூடையைப் பார்த்தாள். அருகில் போகவில்லை.

"ஏண்டி?"

அவளிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மாத்திரை, தைராய்டு, அப்பா வழி உடல்வாகு. எதுவும் வாயில் வரவில்லை.

"பசிச்சுதும்மா."

நினைவு தெரிந்து இந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு பசிக்கிறது என்றால் யார் சிரிக்க மாட்டார்கள்?

அம்மா சிரிக்கவில்லை.

பசி என்று காதில் விழுந்தால் போதும், அம்மாவின் கை தானாக அடுப்புக்குப் போகும். இன்று போக இடமில்லாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

முந்தானையை விடாமல் கேட்டாள்.

"எப்பலேருந்துடி?"

அவள் கைகளை ஊன்றிக் கட்டிலில் மெல்ல நகர்ந்தாள். அம்மா உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.