கழுத்துத் திரும்புகிற கெமரா

கெமராவுக்குள் சரீபின் முகம் சட்டி மாதிரிப் பெருத்துத் தெரிந்ததும், ஸித்தி லெய்லா முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டாள்.

மகள் றுஷ்னா ஃபோனைக் கையில் பிடித்தபடி சிரித்தாள். "உம்மா, சாச்சாட கண்ணுக்கு நீங்க விளங்க மாட்டீங்க. நாமதான் அவரப் பாக்குறம்."

"தெரியும், மகள்."

தெரிந்தும் கை முக்காட்டை விடவில்லை.

அவள் மாப்பிள்ளை, றுஷ்னாவின் வாப்பா, மௌத்தாகி இன்றைக்கு நாற்பத்தொரு நாள். புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவள் நாலு மாதமும் பத்து நாளும் வாசல்படி தாண்டுவதில்லை. மாப்பிள்ளையின் தம்பி சரீபே ஆனாலும் அவன் கண்ணில் படுவதில்லை.

அவள் இருப்பது தில்லையடியில், இந்த அறைக்குள். அவர்களுடைய கருவாட்டு வாடி இருப்பது கரைத்தீவில், களப்போரம். நடுவில் ஒரு மணி நேர பஸ் ஓட்டம்.

"கட்டில்ல இருந்துகொண்டு கருவாடு காயப்போட ஏலுமா?" என்று போன கிழமை சரீப் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டான். சிலாபத்து முதலாளி ஒருவர் வாடியைக் குத்தகைக்குக் கேட்கிறாராம்.

அவள் ஒரு கிழமை தவணை கேட்டாள். அறைக்குள் இருந்தபடியே வாடியைப் பார்த்துக்கொள்ள முடிந்தால் வாடி அவளுக்கு. முடியாவிட்டால் சிலாபத்தாருக்கு.

கெமராவைத் தெரிவு செய்ததும் லேசான பாடாக இருக்கவில்லை. சரீப் காட்டியது, வாசல் கேற்றைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிற மலிவுச் சாமான். கடைக்காரர் அனுப்பிய படங்களை றுஷ்னா ஒவ்வொன்றாக வாசிக்க, இவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வாடியில் இன்டர்நெட் லைன் இல்லை. ஆகவே சிம் போடுகிறதாக இருக்க வேண்டும். வேலை செய்கிற பெண்களோடு கதைக்க அதற்கு வாயும் வேண்டும். எல்லாவற்றையும் விட, இங்கிருந்து விரலால் தள்ளினால் அங்கே அதன் கழுத்துத் திரும்ப வேண்டும்.

பூட்டுகிற இடத்திலும் பிடிவாதம். கேற்றடி வேண்டாம். கிணற்றடித் தென்னையில், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே.

"கள்ளன் என்ன, வானத்தால வாறானா?" என்று முனகிக்கொண்டுதான் சரீப் ஏணியில் ஏறியிருந்தான்.

அவன் இறங்கினான். பெரிய முகம் விலகியது. வாடி தெரிந்தது.

பரண்களில் வெள்ளி வெள்ளியாகச் சூடை மீன் காய்ந்துகொண்டிருந்தது. வாடியில் வேலை செய்கிற நஃபீஸா உப்புக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, தென்னைமரத்தைப் பார்த்து மரியாதையாக ஸலாம் சொன்னாள்.

றுஷ்னா அம்புக்குறியை அழுத்தினாள். கழுத்துத் திரும்பியது. களப்பு வந்தது. களப்பின் அந்தக் கரையில் தண்ணீருக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் கறுத்துக் கிடந்தது.

அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெண்கள் ஊர்க்கதையில் நின்றார்கள்.

"நஃபீஸா! களப்புப் பக்கம் மழ! படங்க இழுத்துப் போடுங்க புள்ளகள்!"

தென்னையிலிருந்து விழுந்த குரலில் நஃபீஸா "யா அல்லாஹ்!" என்று ஒரு முழம் துள்ளினாள். பிறகு எல்லோரும் ஓடினார்கள். கடைசிப் பரணின் கடைசி மூலையைப் படங்குச் சீலை மூடவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

மழை கால்மணி நேரம் அடித்துவிட்டு விட்டது. நனைந்த சரீப் தென்னையை அண்ணாந்து பார்த்தான்.

"சரி மதினி, வாடி உங்கடதான். ஏணியில ஏறினதுக்கு எனக்கொரு சஹன் நிறையச் சோறு வைக்கணும்."

ஸித்தி லெய்லா சிரித்தாள். உம்மா சிரித்து எத்தனை நாள் என்று எண்ணியவளைப் போல றுஷ்னா ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஃபோனை அவள் மடியில் வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்கு ஓடினாள்.

அறையில் வேறு யாரும் இல்லை.

அவள் அம்புக்குறியில் விரலை வைத்தாள்.

பரண்கள் நகர்ந்து போயின. கேற் போனது. நஃபீஸாவும் போனாள். பின்வேலி வந்தது. அதற்குப் பின்னால் பள்ளிவாசல் மதில். கேற்றடியில் நின்று பார்த்தால் அந்த மதில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். தென்னைக்கு அது முழங்கால் அளவு.

மதிலுக்கு அந்தப் பக்கம் மையவாடி.

மாப்பிள்ளையை அவருடைய உம்மா வாப்பா கிடக்கிற மண்ணில்தான் அடக்கினார்கள். மய்யித்தோடு ஆண்கள் போனார்கள். பெண்கள் போவதில்லை. வேப்பமரத்தடி, கடைசி வரிசை என்று காதால் கேட்டது மட்டும்தான் அவளுக்கு.

வேப்பமரம் வந்ததும் விரலை எடுத்தாள்.

அதன் அடியில், மழையில் நனைந்த புது மண்.

ஸித்தி லெய்லா முக்காட்டை இறக்கித் தோளில் விட்டாள்.