கேக்குற மூச்சு

“நாளைக்கு அந்த ஆள் வந்தா நான் வர மாட்டேன். ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க தம்பி.”

கணக்கு டீச்சர் சொன்னால் சொன்னதுதான். டீச்சர் ரிட்டயர் ஆகிவிட்டார், அவர் குரல் மட்டும் இன்னும் ஆகவில்லை.

தியான வகுப்பு மாஸ்டர் தலையைச் சொறிந்தார். சின்ன வயசு, கோபமே வராத முகம்.

“அப்படி என்ன டீச்சர் பண்றார் அவர்?”

“என்ன பண்றாரா? நீங்க கண்ணை மூடச் சொல்றதுதான் தாமதம், குறட்டையில மரம் அறுக்க ஆரம்பிச்சிடறார். பிரஷர் குறையட்டும்னு டாக்டர் என்னை இங்க அனுப்பினார். அது என்னடான்னா ஏறிக்கிட்டே போகுது.”

“புத்தர் மூச்சைத்தானே கவனிக்கச் சொன்னார் டீச்சர்?”

“என் மூச்சையா, அந்த ஆள் மூச்சையா?”

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எது கேக்குதோ அதைக் கவனிங்களேன்” என்று சமாளித்துப் பார்த்தார். டீச்சர் முறைத்த முறைப்பில், “சரி, இன்னைக்கு வகுப்பு முடிஞ்சதும் அவர்கிட்ட சொல்லிடறேன்” என்று இறங்கி வந்தார்.

வகுப்பு தொடங்கியது.

“அடுத்த மூச்சு யாருக்கும் நிச்சயமில்ல. இப்ப வர்ற மூச்சுல மட்டும் இருங்க” என்றார் மாஸ்டர்.

சுவரோரம் சாய்ந்திருந்த அந்தப் பெரியவரும் அப்படியே இருந்தார், கொஞ்ச நேரம். அப்புறம் கச்சேரி ஆரம்பமாகிவிட்டது.

டீச்சர் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. எழுந்து வராண்டாவுக்கு வந்துவிட்டார்.

பின்னாலேயே ஒரு அம்மா வந்தார். வகுப்பில் டீச்சருக்குப் பக்கத்து இடம். ஒல்லியான உடம்பு, அங்கிருந்து இங்கே வருவதற்குள் மூச்சு வாங்கியது.

“உங்களாலயும் உக்கார முடியலைல்ல? நானும் பார்க்கறேன், பாவம், ஒரு நாள்கூட நீங்க கண்ணை மூடினதில்ல” என்றார் டீச்சர். “கவலைய விடுங்க. இன்னையோட அந்த ஆளை அனுப்பிடச் சொல்லிட்டேன்.”

அந்த அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, அனுப்பிடாதீங்க டீச்சர். அவர் என் வீட்டுக்காரர்.”

டீச்சருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“எனக்கு நுரையீரல் போயிடுச்சு. இனிமே வைத்தியம் இல்லைன்னுட்டாங்க. இந்த மனுஷன் ராத்திரி பூரா எனக்கு மூச்சு வருதா வருதான்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பார். கண் அசந்தா நான் போயிடுவேனோன்னு பயம். இங்க இத்தனை பேர் இருக்கீங்கல்ல, அந்தத் தைரியத்துல தூங்கறார். அதுக்காகத்தான் தியானம் கத்துக்கணும்னு நான் அடம் பிடிச்சு அவரை இழுத்துக்கிட்டு வந்தேன்.”

உள்ளே மணி அடித்தது. மாஸ்டர் பெரியவரை எழுப்பக் குனிந்தார். டீச்சர் வாசலிலிருந்தே வேண்டாம், வேண்டாம் என்று அவசரமாகக் கையாட்டினார். மாஸ்டர் ஒன்றும் புரியாமல் விலகி நின்றார்.

டீச்சர் அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

“அவர் தூங்கட்டும்மா, நான் பார்த்துக்கறேன். நீங்களாவது அந்த நேரத்துல கண்ணை மூடிக் கொஞ்சம் ஓய்வா இருக்கக் கூடாதா?”

“எப்படி டீச்சர் மூடுவேன்?” அந்த அம்மா சிரித்தார். “அவர் நிம்மதியா மூச்சு விடறதை நான் பார்க்கக் கிடைக்கறதே இந்த ஒரு மணி நேரம்தானே.”