டிபரன்ஷலுக்குக் கீழே மச்சான்

அந்த இரும்புப் பூசணிக்காய் ஏறிவிடக்கூடாது என்று ஹியூபேட் அந்தோனியாரை மன்றாடியது அன்றுதான் முதல் தடவை.

எப்படியாவது ஏறட்டும் என்று ஒரு கிழமையாக மெழுகுதிரி கொளுத்தியதும் அதே அந்தோனியாருக்குத்தான்.

பூசணிக்காய் என்பது டிபரன்ஷல். என்ஜினின் சுழற்சியைப் பின்சில்லு இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பது. துறைமுகத்தில் பேனை பிடிக்கும் ஹியூபேட், கொட்டாஞ்சேனை வீட்டு முற்றத்தில் தன் கையாலேயே ஒரு பந்தயக் கார் செய்துகொண்டிருந்தான். சந்திக்குச் சந்தி ஆமி மறித்துச் சோதிக்கிற யுத்த காலத்தில் பந்தயக் கார் எதற்கு என்று மனைவி றஞ்சிதம் கேட்டதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

அடிச்சட்டத்துக்கு இரும்பு வெட்டியபோது டிபரன்ஷலின் அளவுக்கே வெட்டிவிட்டான். பிறகு பெயின்ற் பூசவேண்டியிருக்கும் என்பது மண்டைக்குள் வரவில்லை. ஒரு மயிரிழை இடம் போதாது.

அன்று கீழே கிடந்து, டிபரன்ஷலைக் கையில் ஏந்தி மேலே தள்ளிக்கொண்டிருந்தவன் றஞ்சிதத்தின் தம்பி சின்னராசா. யாழ்ப்பாணத்திலிருந்து இப்போதுதான் வந்தவன். அங்கேயிருந்து வருகிறவர்கள் பொலிஸில் பதியவேண்டும்; இவன் இன்னும் பதியவில்லை. கண்டால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

படலையைத் திறந்துகொண்டு ஓர் ஆமிக் கோப்ரல் வந்தது சரியாக அப்போது. ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சோதனை.

ஹியூபேட் அடையாள அட்டையைக் கொடுத்தான். றஞ்சிதமும் கொடுத்தாள். கோப்ரல் காருக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார்.

அது தன்னுடைய மல்லி, அதாவது கூடப்பிறந்த தம்பி, கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று ஹியூபேட் சிங்களத்தில் அள்ளிவிட்டான். இப்போது கையை எடுத்தால் இரும்பு நெஞ்சில் விழும், அது ஏறினால்தான் ஆள் வெளியே வரலாம் என்றும் சொன்னான். இந்தப் பாதி உண்மை.

அப்படியென்றால் ஏறட்டும் என்று கோப்ரல் நின்றுகொண்டார்.

அதனால்தான் அந்த மன்றாட்டு.

ஹியூபேட் அலவாங்கைக் கொடுத்து, முக்கி, முனகி, முகத்தைச் சுளித்து, நெம்பாமல் நெம்பினான். வியர்வை மட்டும் அசல்.

கோப்ரலுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அண்ணனுக்குப் பேலியகொடையில் கராஜாம். துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு, றஞ்சிதத்திடம் சவர்க்காரம் வாங்கி, பெயின்றின் மேல் தேய்த்தார். மற்ற அலவாங்கைத் தானே பிடித்தார். எல்லாப் பக்கமும் ஒன்றாக ஏறவேண்டும், ஒருத்தர் பிந்தினாலும் சாய்ந்து இறுகிவிடும், மூன்று என்றதும் மூவரும் தள்ளவேண்டும் என்று விளக்கினார். பிறகு சிங்களத்தில் எண்ணினார்.

மேலே இருவரும் நெம்பினார்கள். கீழே சின்னராசா சிவனே என்று கிடந்தான். டிபரன்ஷல் சாய்ந்து இறுகியது.

திரும்பவும் எண்ணினார். இந்த முறை சின்னராசா இரண்டுக்கே தள்ளிவிட்டான்.

ஹியூபேட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு, அடக்க அடக்கப் பொங்குவது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மல்லிக்குச் சிங்களத்தில் மூன்றுவரை எண்ணத் தெரியவில்லை.

"சிரியாதேங்கோப்பா," என்று கிசுகிசுத்த றஞ்சிதத்தின் தோள்களும் குலுங்கின. கண்ணில் தண்ணீர்.

கோப்ரல் இருவரையும் பார்த்தார். குனிந்து, கீழே கிடந்தவனைப் பார்த்தார். நிமிர்ந்து, அலவாங்கைச் சரிபண்ணிப் பிடித்தார்.

"ஒண்டு," என்றார், மெதுவாக. "ரெண்டு... மூண்டு."

டிபரன்ஷல் ணங்கென்று போய் உட்கார்ந்தது.

ஹியூபேட்டின் சிரிப்பு நின்றது. இனி வெளியே வரலாம் என்றாலும் கீழே கால்கள் அசையவில்லை.

கோப்ரல் போல்ற்றைத் தானே செருகினார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். துவக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய், படலையைச் சாத்தினார்.

ஒழுங்கையில் நின்ற மற்றவர்களுக்கு அவர் சிங்களத்தில் குரல் கொடுத்தது முற்றம்வரை கேட்டது. இந்த வீடு பார்த்தாயிற்றாம். புருசன் பெண்சாதி, இரண்டே பேர்தானாம்.