மிச்சத் துணி

கொதிக்கும் குழம்பை இறக்க, மகளுக்குச் சுடிதார் தைத்ததில் மிஞ்சிய துண்டைப் பிடிதுணியாக எடுக்கிறாள் பத்திரகாளி. அடுப்புத் தீ பட்டதும் துணியின் ஓரம் சுருண்டு உருகுகிறது. ஒரு நூலை உருவித் தீயில் காட்டுகிறாள். பருத்தியென்றால் காகிதம்போல எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாக வேண்டும். இது பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகிக் கறுத்த மணியாக இறுகுகிறது. விரலால் நசுக்குகிறாள், நசுங்கவில்லை. “ஏட்டி, புதுத்துணியக் கொளுத்தி விளையாடுதியா?” பக்கத்து வீட்டு முத்துத்தாய் வாசலில் நின்று சிரிக்கிறாள். “சுத்தக் காட்டன்னு சொல்லித்தானக்கா கடைக்காரன் குடுத்தான்! பிரித்திகா இதத்தான் போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிருக்கா.” சிரிப்பு நின்றுவிடுகிறது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கும் இடத்தில் பிரித்திகாவுக்கு வேலை. அங்கே தீப்பொறி விழுந்தால் இந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். “போனப் போடுட்டி.” “போனத்தான் கேட்லயே வாங்கி வச்சிருதாவளே, அக்கா!” கொடியில் காயும் மகளின் பழைய காட்டன் சுடிதாரை இழுத்துச் சுருட்டிக்கொள்கிறாள். பாதி ஈரம். தெருமுனைக்கு வந்து ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்க்கிறாள். கரிசலுக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கிறது, புகை இல்லை. அதை நம்பி நிற்க முடியாமல் அவள் நடை ஓட்டமாகிறது.