துடித்த செல்

ஓர் ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டில் ஸ்டெம் செல்கள் கூட்டமாகக் குடியிருந்தன. எதுவாகவும் ஆகக்கூடியவை என்று அவற்றுக்குப் பெரிய பேர். மூளையாகலாம், எலும்பாகலாம், ஈரலாகலாம்.

ஒரு நாள் காலையில் அவற்றில் ஒரு செல் தானாகத் துடிக்க ஆரம்பித்தது.

"அக்கா, நான் இதயமாயிட்டேன்!" என்றது பக்கத்துச் செல்லிடம்.

"உன்னை யாரு ஆகச் சொன்னா? நிறுத்து."

"நிறுத்த வரலையே. இதுக்குத்தானே நம்மள வளர்க்கறாங்க?"

"நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். அவங்க சொல்ற வரைக்கும் இங்க யாரும் எதுவும் ஆகக் கூடாது. அவங்க இன்னும் சொல்லலை."

நுண்ணோக்கியின் விளக்கு எரிந்தது. ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "அடடா, என்ன அழகாத் துடிக்குது!" என்று தோழியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் கொஞ்ச நேரம் ரசித்தார்கள். பிறகு, மற்றவையும் இப்படி ஆகிவிடக் கூடாதென்று, அதை மெல்லச் சுரண்டி எடுத்துக் கழிவுக் குடுவையில் போட்டார்.

காலியான இடத்தில் மறுநாளே ஒரு புதுச் செல் பிறந்தது. "நான் என்னவாகலாம்?" என்று கேட்டது.

பக்கத்துச் செல்லுக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது.

"எது வேணும்னாலும் ஆகலாம்," என்றது. "ஆனா, ஆயிடாதே."