அரைக்கட்டை

கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் அந்த இசைக் கல்லூரியின் மாடியறையில், முதுகலை இறுதித் தேர்வுக்காக மின்விசிறியை நிறுத்தியிருக்கிறார்கள். சன்னல் வெயில், பாட உட்கார்ந்திருக்கும் மாணவி ஜோவிதாவின் வெந்நீர்க் குடுவையில் மின்னுகிறது. தோடி ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைத் தொடப்போன குரல், சளியினால் இரண்டாம் முறையும் பிசிறுகிறது. சுருதியைக் குறைக்கும்படி பாடுகிறவளே கேட்டால் சாரீரம் போதாது என்று மதிப்பெண் போய்விடும். கேட்காமல் பாடினாலும் போய்விடும். அவள் மனத்துக்குள் ஆண்டவரைக் கூப்பிடுகிறாள். பக்கத்தில் வயலின் சட்டென்று நிற்கிறது.

"மன்னிக்கணும் மேடம்," என்கிறார் பக்கவாத்தியம் வாசிக்கும் ஷ்யாம்சுந்தர். "அஞ்சரைக் கட்டை சுருதிக்கு என் தந்தி தாங்காது போலருக்கு. அரைக்கட்டை இறக்கிக்கலாமா?"

"புதுத் தந்தி மாதிரி பளபளன்னு இருக்கே சார்?" என்கிறார் தேர்வாளர் மிருதுளா.

"வெளியிலதான் மேடம் பளபளப்பு. உள்ள ஒண்ணுமில்ல, என்னை மாதிரியே."

மிருதுளா சிரித்துவிடுகிறார். ஜோவிதாவை ஒரு கணம் பார்க்கிறார். "தந்திக்கு முடியலேன்னா என்ன பண்றது? நிதானமா இறக்குங்க. அதுக்குள்ள அந்தப் பொண்ணு ரெண்டு வாய் தண்ணி குடிக்கட்டும்."

வயலினில் தந்தியைத் தளர்த்தும் பிருடை மெல்லக் கிறீச்சிடுகிறது. சுருதிப்பெட்டியும் இறங்கி இசைகிறது. கீழே மின்சார ரயில் ஒன்று கடந்து ஓய்ந்ததும் ஜோவிதா கண்களை மூடிப் பாடுகிறாள். குரல் படிப்படியாக ஏறி, மேல் ஷட்ஜத்தில் போய் அசையாமல் நிற்கிறது. அது தனியாகவே கேட்கட்டும் என்று, ஷ்யாம்சுந்தர் தந்தியில் படாமல் வில்லைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.